பழைய பெட்டிக்குள் ஓர் ஒலிம்பஸ் மலை

பழைய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுப் பெட்டி பழுதுக்கு வந்தால், அதன் லென்ஸ் தேறுமா தேறாதா என்று அறிய என்னிடம் ஒரே சோதனைதான் உண்டு. கிரேக்கப் புராணத்தை வைத்துச் செய்த ‘காட் ஆஃப் வார் 2’ என்ற சண்டை விளையாட்டின் டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பேன். மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் சிடியிலோ, 4.7 ஜிபி கொள்ளும் ஒற்றை அடுக்கு டிவிடியிலோ வந்தவை. இது 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு. முதல் அடுக்கைப் படித்த லேசர், அதை ஊடுருவிப் போய் இரண்டாவது அடுக்கில் குவிய வேண்டும். வயதான லேசருக்கு அந்த இடத்தில்தான் மூச்சு வாங்கும். கிரிக்கெட்டும் கார் பந்தயமும் அமர்க்களமாக ஓடும் பெட்டிகூட இந்த டிஸ்க்கைப் பார்த்ததும் கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

திருநெல்வேலி டவுனில் டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. டிவியைப் பழுது பார்க்க இப்போது யார் வருகிறார்கள்? பேனல் போனால் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். மிக்ஸியும் சார்ஜரும் அவ்வப்போது இப்படிப்பட்ட பழைய விளையாட்டுப் பெட்டிகளும்தான் வருகின்றன. நான் சொல்லப்போகும் பெட்டி, தட்டு வெளியே நீண்டு வந்து டிஸ்க்கை வாங்கிக்கொள்ளும் தடித்த மாடல். கொண்டுவந்து கொடுத்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவருடைய தம்பியிடம் கேட்டால், “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, வீட்டில் இடமில்லை” என்றார்.

திறந்து பார்த்தால் உள்ளே தூசி கம்பளம் விரித்திருந்தது. மின்விசிறிக்குப் பின்னால் கரப்பான் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அடையாளம். லென்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்தேன். லேசர் நகரும் தண்டுகளில் உறைந்து மெழுகாகிக் கிடந்த பழைய கிரீஸை வழித்துவிட்டு, வெள்ளைக் கிரீஸ் மெல்லியதாகத் தடவினேன். லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டும் சிறு திருகு ஒன்றும் உள்ளே உண்டு. அதைத் திருகிவிட்டால் அந்த நிமிடமே எல்லா டிஸ்க்கும் ஓடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். கொஞ்ச காலத்தில் லேசர் அடியோடு போய்விடும். தொழிலில் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நான் தொடுவதில்லை. இந்தப் பெட்டிக்கு அது தேவைப்படவும் இல்லை. கிரீஸ் போட்டதும் டிஸ்க் சுழன்றது, தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் வெளியானது 2007 மார்ச்சில். பிளேஸ்டேஷன் 3 அதற்கு முன்பே, 2006 நவம்பரில் கடைக்கு வந்துவிட்டது. 2000-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பழைய பெட்டிக்கு அப்போது ஏழு வயது. இந்தத் துறையில் அது ஓய்வு பெறும் வயது. ஆனால் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்தது அந்தப் பழைய பெட்டிதான். நம் நாட்டில் அப்போது புதியதன் விலை சுமார் 40,000 ரூபாய். எனவே பழைய பெட்டிக்கே இரண்டாம் பாகத்தை எடுத்ததில் வணிகக் கணக்கும் இருந்திருக்கும். எனக்கு அதைவிட வியப்பு, அந்தப் பெட்டியிலிருந்து என்னவெல்லாம் பிழிந்தெடுத்திருக்கிறார்கள் என்பதுதான். 2007-ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா வீடியோ விளையாட்டு விருதுகளில் தொழில்நுட்பச் சாதனைக்கான விருது, புதிய தலைமுறைப் பெட்டிகளின் விளையாட்டுகளைத் தாண்டி இதற்குத்தான் கிடைத்தது.

பெட்டிக்குள் இருப்பது 32 எம்பி நினைவகம். படத்துக்கென்று தனியாக 4 எம்பி. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அந்த 4 எம்பி போதாமல் போகலாம். இதற்குள் ரோட்ஸ் நகரத்தையே மிதிக்கும் வெண்கல ராட்சதன், கல் குதிரைகள் இழுத்துச் செல்லும் தீவு, உலகத்தைச் சுமக்கும் அட்லஸ் அத்தனை பேரும் அடங்க வேண்டும். அடங்காது. அதனால் கதாநாயகன் கிரேட்டோஸ் ஓர் அறையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறை டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டிருக்கும்; முடிந்த அறை அழிக்கப்படும். அதற்கு நேரம் வேண்டுமே? நீண்ட நடைபாதை ஒன்று வரும். ஏணி வரும். கனமான கதவு வரும். கிரேட்டோஸ் குனிந்து, கை கொடுத்து, நரம்பு புடைக்கத் தூக்குவான். அவன் பலத்தைக் காட்டுவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்வோம். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் வேடம் மாற்றிக்கொண்டு வரும்வரை பபூன் வந்து மேடையைக் கட்டிக் காப்பாரே, அந்த வேலையைத்தான் அந்தக் கதவு செய்கிறது.

விளையாடுகிறவர்களுக்கு இது தெரியாது. எனக்குக் காதில் விழுகிறது. கதவு பாதி உயர்ந்திருக்கும்போது பெட்டிக்குள் டிஸ்க் சுழலும் ஒலி ஒரு சுதி ஏறும். லேசர் தண்டில் நகரும் ‘டிக், டிக்’ கேட்கும். பிறகு ஒலி இறங்கும்போது கதவும் திறந்திருக்கும். கிரீஸ் போடுவதற்கு முன்பு இதே பெட்டியில் அந்தச் சத்தம் விட்டுவிட்டு நெடுநேரம் ஓடியது. நடைபாதை முடியும் இடத்தில் படம் அப்படியே நின்றது. ஒரு பெட்டியின் லேசர் எந்த நிலையில் இருக்கிறது என்று கிரேட்டோஸ் கதவு தூக்குவதைக் கேட்டே சொல்லிவிடலாம்.

என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். டியூஷன் முடிந்ததும் கடைக்கு வந்துவிடுவான். முதல் நாள் கன்ட்ரோலரை வாங்கியதும் வலது குச்சியைத் தள்ளினான். கேமரா திரும்பவில்லை, கிரேட்டோஸ் தரையில் உருண்டான். மறுபடி தள்ளினான்; மறுபடி உருண்டான்.

“மாமா, இதில் கேமராவைத் திருப்பவே முடியாதா?”

“முடியாது, மருமகனே. அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும்.”

அவனுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. எனக்கு அங்கேதான் இந்த விளையாட்டின் சூட்சுமமே இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று தெரியாவிட்டால், நாலு பக்கத்தையும் வரைந்து வைக்க வேண்டும். கேமராவை அவர்களே கையில் வைத்துக்கொண்டதால், முதுகுக்குப் பின்னால் எதையும் வரைய வேண்டியதில்லை. மிச்சமான சக்தி முழுவதும் எதிரே தெரியும் காட்சிக்குப் போகிறது. காலக் குதிரைகள் வரும் பகுதியில் இதன் பலன் தெரியும். கடவுளருக்கு முந்தைய ராட்சத இனமான டைட்டன்களில் ஒருவன் குரோனஸ்; தன் விதியை மாற்றித் தரும்படி, எல்லோர் விதியையும் நிர்ணயிக்கும் விதிச் சகோதரியருக்கு அவன் கொடுத்த காணிக்கை அந்தக் குதிரைகள். கேமரா பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. கிரேட்டோஸ் புள்ளியாகச் சிறுத்துவிடுகிறான். எங்கே இருக்கிறான் என்று தேடிப் பிடித்து நடத்த வேண்டியிருக்கிறது. கேமராவை நம் கையில் கொடுத்திருந்தால் குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டே கடந்துபோயிருப்போம்.

பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெரிய எல்இடி டிவியில் மாட்டலாம் என்று மருமகன் ஆசைப்பட்டான். மாட்டிக் காட்டினேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் வரும் பழைய சிக்னலை அந்த டிவி வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் நொடியில் ஒரு துளி கழிந்துவிடுகிறது. சினிமா பார்க்க அது பொருட்டல்ல. இங்கோ, எதிரியை வீழ்த்தும் கடைசி நொடியில் திரையில் ஒரு பொத்தானின் குறி மின்னும். உடனே அழுத்த வேண்டும். அழுத்தினான், ஆனாலும் செத்தான். கடையில் இருக்கும் 21 அங்குலக் குழாய் டிவியில் அந்தத் தாமதம் கிடையாது. வருகிற சிக்னலை வந்த கணமே கோடு கோடாக வரைந்துவிடும். பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிக்கொண்டிருந்த என் மனைவியிடம் மருமகனே இதை விளக்கினான். அவள் சமாதானமடைந்ததாகத் தெரியவில்லை.

இனி கதைக்கு வருகிறேன். முதல் பாகத்தில் ஏரீஸைக் கொன்று போர்க் கடவுள் பதவியைப் பிடித்தவன் கிரேட்டோஸ். இரண்டாம் பாகம் தொடங்கும்போது, மற்றக் கடவுளர் பேச்சைக் கேளாமல் ஸ்பார்ட்டா வீரர்களோடு ரோட்ஸ் நகரத்தை அழிக்கப் போகிறான். அங்கே இருந்த வெண்கலச் சிலை கிட்டத்தட்ட 33 மீட்டர் உயரத்தில் சூரியக் கடவுள் ஹீலியஸுக்காக எழுப்பப்பட்டு, கட்டி ஐம்பது அறுபது ஆண்டுகளிலேயே நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது என்பது வரலாறு. விளையாட்டில் அது எழுந்து நடக்கிறது. சன்னல் வழியாக ஒரு கண் எட்டிப் பார்ப்பதும், சுவரைப் பிய்த்துக்கொண்டு விரல்கள் உள்ளே வருவதும், நாம் கவணில் ஏறி அதன் முகத்தை நோக்கிப் பறப்பதும், கடைசியில் அதன் வயிற்றுக்குள்ளேயே புகுந்து உடைப்பதும்... இதெல்லாம் தொடக்கம் மட்டுமே! மற்ற விளையாட்டுகள் இதைக் கிளைமாக்ஸுக்கு வைத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் களைப்பில் இருப்பவனைக் கடவுளரின் அரசர் ஜீயஸ் தந்திரமாகச் சக்தி இழக்கவைத்து, ஒலிம்பஸ் வாளால் வயிற்றில் குத்திக் கொல்கிறார். பூமித் தாய் கையா அவனைப் பாதாளத்தின் வாயிலிருந்து மீட்கிறாள். செத்த நேரத்துக்கே திரும்பிப் போய் ஜீயஸைப் பழிவாங்க வேண்டுமானால் விதிச் சகோதரியரின் தறியைக் கைப்பற்ற வேண்டும் என்கிறாள். அவ்வளவுதான் கதை.

வழியில் கிரேக்கப் புராணத்தின் பெரிய பெயர்கள் வரிசையாக வந்து இவன் கையால் சாகிறார்கள். மனிதருக்கு நெருப்பைத் தந்த புரோமீதியஸ், கழுகு தினமும் ஈரலைக் கொத்தும் வேதனையிலிருந்து விடுதலை கேட்கிறான். கிரேட்டோஸ் அவனை அதே நெருப்பில் விழச் செய்து, சாம்பலிலிருந்து புதிய ஆற்றலைப் பெறுகிறான். தீசியஸ் வாசல் காக்கிறான், சாகிறான். பெர்சியஸும் அப்படியே. கிழவனாகிப் பித்துப் பிடித்த இக்காரஸோடு பாதாளத்தில் விழுந்துகொண்டே சண்டை போட்டு, சிறகுகளைப் பிய்த்துத் தனக்கு மாட்டிக்கொள்கிறான். சூரியனை நெருங்கிச் சிறகு இழந்த சம்பாதியின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நம் கதையில் வானரர் வாயால் இராம நாமம் கேட்டதும் சம்பாதிக்குச் சிறகு முளைக்கும். இங்கே இருந்த சிறகையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதல் பாகத்தில் மனைவியையும் மகளையும் தன் கையாலேயே கொன்றுவிட்ட குற்றவுணர்வு அவனை அரித்துக்கொண்டிருந்தது. கோபத்துக்கு ஒரு வேர் இருந்தது. இரண்டாம் பாகத்தில் அந்த வேர் அறுந்துவிட்டது. படித்துச் சொல்லும்படி ஒரு பண்டிதரை இழுத்துவந்து, காரியம் ஆனதும் தலையைப் பிடித்துக் கல்மேடையில் மோதிக் கொல்கிறான். மோதுவதற்கான பொத்தானை அழுத்துவது நாம். மிக்ஸி வாங்க வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “பெரியவரை ஏன் அடிக்கிறான், வாத்தியாரா அவர்?” என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. முதல் பாகத்தில் கடல் பூதத்தின் தொண்டைக்குள் கிரேட்டோஸ் விழவிட்ட கப்பல் தலைவனின் ஆவியைக்கூட இதில் மறுபடி வரவழைத்து அடிபடவைத்திருக்கிறார்கள். பாவம், அந்த மாலுமிக்கு இறந்த பிறகும் ஓய்வில்லை.

ஆனால் கடைசிப் பகுதியில் இதே கதை தலைநிமிர்கிறது. விதிச் சகோதரியர் மூவர்: நூற்கிறவள் குளோத்தோ, அளக்கிறவள் லாக்கெசிஸ், அறுக்கிறவள் அட்ரோபஸ். அட்ரோபஸ், கிரேட்டோஸைக் கண்ணாடி வழியாக இழுத்துக்கொண்டு போகும் இடம், முதல் பாகத்தின் முடிவில் அவன் ஏரீஸோடு மோதிய அதே ஏதன்ஸ் போர்க்களம். பின்னணியில் பழைய கிரேட்டோஸ் ஏரீஸோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வெற்றி தேடித்தரப்போகும் மாபெரும் வாள்தான் நாம் நிற்கும் பாலம்; அதை உடைத்துவிட்டால் முதல் பாகமே வேறாக முடியும். நாம் ஏற்கெனவே விளையாடி வென்ற சண்டையை நாமே காவல் காக்கிறோம். இரண்டாம் பாகம் எடுக்கிற எத்தனையோ பேர் முதல் பாகத்தின் காட்சியை நினைவூட்டுவார்கள். அதைப் பணயமாக வைத்துச் சண்டை போட வைத்தது இவர்கள்தான்.

முடிவைப் பற்றி மருமகனுக்கும் எனக்கும் இன்னும் தகராறு. ஜீயஸை வீழ்த்தும் தறுவாயில் பெண் தெய்வம் அதீனா குறுக்கே விழுந்து வாளை வாங்கிக்கொள்கிறாள். ஜீயஸ்தான் உன் தகப்பன் என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். பிள்ளை தன்னைக் கவிழ்ப்பான் என்று பயந்து பெற்றதையெல்லாம் விழுங்கினான் குரோனஸ். அவனைக் கவிழ்த்த ஜீயஸுக்கும் இப்போது அதே பயம். பிறகு கிரேட்டோஸ் காலத்தில் பின்னோக்கிப் போய் டைட்டன்களைத் திரட்டி வருகிறான். அவர்கள் கடவுளர் வாழும் ஒலிம்பஸ் மலையில் ஏறத் தொடங்க, ஒரு வசனம், திரை இருண்டுவிடுகிறது. மூன்றாம் பாகம் 2010-இல், பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும்.

“இங்கே நிறுத்துவது அநியாயம் மாமா” என்றான். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த மலையேற்றத்தை முழுதாகக் காட்ட இந்தப் பெட்டியால் முடியாது. முடியாததைத் தொடாமல் நிறுத்தியது தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை. தகராறு வேறு விஷயத்தில். கடவுள்கள் தடுத்தும் கேளாமல் ரோட்ஸை இடிக்கப் போனவனைத் தகப்பன் அடக்கியதில் என்ன தவறு என்று கேட்டேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அடக்குவதற்கு வயிற்றில் குத்த வேண்டுமா, ஜீயஸ்தான் முதலில் தொடங்கினார் என்பது அவன் கட்சி. அக்காவிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். “இரண்டு பேருக்கும் வேறு வேலையில்லையா?” என்றாள்.