தோரோங் லா: புறப்படும் முன் எழுதிய நாட்குறிப்பு

ஜூன் 14

அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் மலைநடை போவது என்று முடிவாகிவிட்டது. அக்கா, சித்தப்பா மகன், நான் என மூன்று பேர். அக்காவுக்கு முக்திநாத் கோயில். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம் இதுதான் என்பது வைணவ மரபு. ஜோம்சோம் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறி தரிசனம் செய்துவிட்டுத் திரும்பலாம். பல யாத்ரீகர்கள் அப்படித்தான் போகிறார்கள். அக்காவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கிழக்கே மனாங் பக்கமிருந்து மலையைத் தாண்டி, நடந்தே போய்ச் சேர வேண்டும் என்கிறாள். தம்பிக்கு 5,416 மீட்டரில் இருக்கும் தோரோங் லா கணவாய்தான் குறி. எனக்கு மனாங் பள்ளத்தாக்கு. கீழே மர்ஸ்யாங்தி ஆற்றங்கரையில் நெல்வயல், அப்புறம் பைன் காடு, அதற்கும் மேலே மழை எட்டிப் பார்க்காத வறண்ட மலை. இந்த மாற்றம் முழுவதையும் ஒரே பாதையில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஜூன் 22

முதல் விவாதம், நாள் கணக்கில். தம்பி ஒரு திட்டம் போட்டு அனுப்பியிருந்தான். பாதை தொடங்கும் பெசிசஹரிலிருந்து நேராக மனாங்குக்கே ஜீப், அங்கே ஒரு இரவு, உடனே மேலே. “இப்பதான் ரோடு வந்துடுச்சே அண்ணா, எதுக்கு நாலு நாள் வீணாக்கணும்?” என்கிறான்.

சாலை இருப்பது உண்மை. ஆனால் பெசிசஹர் 760 மீட்டர், மனாங் 3,540 மீட்டர். ஜீப் நம்மை மேலே கொண்டுபோய் இறக்கிவிடும், உடம்பு கூடவே வந்து சேராது. மலையேற்ற மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் நில். தாழ்வான ஊரிலிருந்து ஒரே நாளில் 3,500 மீட்டருக்கு மேல் போய்ப் படுப்பதை, ஆக்சிஜன் போதாமல் வரும் உயர நோய்க்கு அதிக ஆபத்து என்றே அவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றுதான், ஏறக்குறைய 21 சதவீதம். குறைவது அழுத்தம். தோரோங் லாவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி. அதற்கு ஈடுகொடுக்க உடம்பு வேகமாக மூச்சு வாங்குகிறது, அதனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது, அந்தக் காரத்தைச் சிறுநீரகம் மெல்ல வெளியேற்ற வேண்டும். அது சில நாள் எடுக்கும் வேலை. எவ்வளவு உடற்பயிற்சி செய்தவராக இருந்தாலும் சிறுநீரகத்தை அவசரப்படுத்த முடியாது.

தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. லீவு போதாது என்பது அவன் கவலை. அதுவும் நியாயமானதுதான்.

ஜூலை 6

விவாதத்தை இன்று மருத்துவர் முடித்துவைத்தார். மூவரும் போயிருந்தோம். ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார். அக்காவின் அழுத்த மாத்திரை தொடரலாம் என்றார். அப்புறம் உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் பேச்சு வந்தது. அசிட்டசோலமைடு. உயரம் ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து, பொதுவாக 125 மில்லிகிராம், காலை மாலை. சிறுநீரகம் செய்ய வேண்டிய அந்த வேலையை இந்த மாத்திரை முடுக்கிவிடும். விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும்.

அக்கா உடனே, சின்ன வயதில் சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு முகமெல்லாம் வீங்கி மருத்துவமனையில் கிடந்ததைச் சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் விசாரித்தார். டயமாக்ஸும் சல்ஃபா குடும்பத்தோடு தொடர்புள்ள மருந்து. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றில்லை, ஆனால் அவ்வளவு கடுமையாக ஒவ்வாமை வந்தவருக்கு மலையில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆக, அக்காவுக்கு மருந்து என்றால் நாட்கள் மட்டும்தான். திரும்பும் வழியில் தம்பி பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், “லீவை நான் பாத்துக்கறேன் அக்கா, உனக்கு எத்தனை நாள் வேணுமோ அத்தனை நாள் போடுவோம்” என்றான். எனக்கு அவன்மேல் இன்று பெரிய மதிப்பு வந்தது.

ஜூலை 7

புதிய திட்டம். ஜீப் சாமே வரை மட்டும், 2,670 மீட்டர். அங்கேயே ஒரு நாள் சும்மா இருப்பது. பிறகு அப்பர் பிசாங், 3,300. அங்கிருந்து ஆற்றோரச் சாலையை விட்டுவிட்டு க்யாரு, ஙாவல் கிராமங்கள் வழியாக மேல்பாதை. ஏற்றம் கடினம், ஆனால் உடம்பு பழகுவதற்கு நல்லது. எதிரே அன்னபூர்ணா மலைத்தொடர் முழுசாகத் தெரியும். மனாங்கில் மூன்று இரவு. பிறகு யாக் கர்க்கா, சுமார் 4,050. தோரோங் ஃபெடி, சுமார் 4,450. ஃபெடிக்கு மேலே ஹை கேம்ப்பில் தங்கினால் கடைசி நாள் ஏற்றம் குறையும் என்று பலர் போகிறார்கள். எங்களுக்கு வேண்டாம். அந்த உயரத்தில் தூக்கம் கெட்டுப்போவதைவிட, விடியும் முன் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஏறிவிடலாம்.

மனாங்கின் ஓய்வு நாட்கள் படுத்துக் கிடப்பதற்கல்ல. பகலில் கங்காபூர்ணா ஏரிக்கு மேலே உள்ள காட்சிமுனைக்கோ பிராகென் கோம்பா என்ற பௌத்த மடத்துக்கோ ஏறிவிட்டு, இரவில் கீழே வந்து தூங்க வேண்டும். தம்பி திலிச்சோ ஏரியையும் (4,919 மீட்டர்) சேர்க்கலாமா என்றான். சேர்க்கவில்லை. அது கேட்கும் நாட்களை அக்காவுக்காக வைத்துக்கொள்கிறோம்.

ஜூலை 27

பயிற்சி. காலையில் படிக்கட்டு, முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு. ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறோம். கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் 1,600 மீட்டர் இறக்கம். அன்று தொடை முன்தசையும் முழங்காலும்தான் பேசும். மெதுவாக, குதிக்காமல், ஒவ்வொரு படியிலும் பாதத்தை முழுசாக ஊன்றி இறங்கப் பழக வேண்டும். வார இறுதியில் இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட நடை. முதல் நாள் நடப்பது யாராலும் முடியும். முந்தைய நாள் வலியோடு மறுநாள் காலையில் காலணி மாட்டுவதுதான் பயிற்சி.

அக்காவின் நடை மெதுவானது, ஆனால் நிற்காதது. மூக்கால் மூச்சுவிட்டபடி பேசிக்கொண்டே நடக்கிறாள். தம்பி முன்னால் ஓடி, மூச்சு வாங்கி நின்று, மறுபடி ஓடுகிறான். அவனை அக்காவின் பின்னால் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

காலணி வாங்கியாயிற்று. மாலையில்தான் போனோம், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும். தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, சரிவுப் பலகையில் கீழ்நோக்கி நின்று பார்த்தோம். பெருவிரல் முன்னால் இடித்தால் அந்த அளவு கூடாது. இடிக்கிற காலணியோடு நீண்ட இறக்கம் இறங்கினால் நகம் கறுத்துக் கழன்றுவிடும். குதிகால் எழும்பாமல் இருக்க, கணுக்காலுக்குக் கீழே கயிற்றை ஒரு வளையமாக்கி எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டும் முறையைக் கடைக்காரர் காட்டித் தந்தார். இன்றிலிருந்து எல்லா நடையும் இதே காலணியில்தான்.

ஆகஸ்ட் 31

காப்பீடு. இதற்கே ஒரு வாரம் போனது. பயணக் காப்பீடு என்று இருப்பதெல்லாம் மலைக்கு உதவாது. உள்ளே எழுத்தெழுத்தாகப் படித்தால், சிலவற்றில் 3,000 மீட்டரோடு பாதுகாப்பு நின்றுவிடுகிறது, சிலவற்றில் 4,500. எங்களுக்கு 6,000 மீட்டர் வரை செல்லுபடியாகும், ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்த்த பாலிசி வேண்டும். கிடைத்தது. அவசர எண்ணையும் பாலிசி எண்ணையும் காகிதத்தில் எழுதி மூன்று பேர் பையிலும் வைத்தாயிற்று. குளிரில் போன் அணைந்துபோனாலும் காகிதம் இருக்கும்.

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் நடப்பதை 2023 ஏப்ரல் 1 முதல் நேபாளம் நிறுத்திவிட்டது. நாங்கள் எப்படியும் வைத்திருப்போம். பாதை தெரியாது என்பதற்காக மட்டுமல்ல, நம் முகத்தைப் பார்த்து ‘இன்று போதும்’ என்று சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும்.

செப்டம்பர் 13

திட்டத்தில் ஒரு உபரி நாள் சேர்த்தோம், பனிக்காக.

அக்டோபர் என்றால் மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்துவிடும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் வங்கக்கடலின் புயல் பருவமும் அப்போதுதான். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹூட்ஹூட் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் இந்த மலைகளில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேறிகள் மட்டுமல்ல, வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் மேய்ப்பர்களும் அதில் உண்டு. தோரோங் லா உச்சியில் இருந்த தேநீர்க் குடிலில் ஒதுங்கியவர்களில் பலர், புயல் ஓயும் முன்பே இறங்கப் புறப்பட்டு வழி தவறினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கடற்கரை ஊர்களில் புயல் எச்சரிக்கை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஆந்திரக் கரையில் புயல் என்றால், மனாங்கில் ஃபெடிக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 28

பை கட்டிப் பார்த்தோம். பருத்தி உடை எதுவும் இல்லை, நனைந்தால் காயவே காயாது. உடம்போடு ஒட்டும் கம்பளி உள்ளாடை, நடுவே ஃபிலீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், நின்றவுடன் போட்டுக்கொள்ள இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். தலைவிளக்கு, மாற்று பேட்டரி. பேட்டரியும் போனும் இரவில் தூக்கப்பைக்குள் நம்மோடு தூங்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைப் பையில் தலைகீழாகச் செருக வேண்டும். தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையும், தலைகீழாக இருந்தால் மூடி திறக்க வரும். ரப்பர் குழாய் வைத்த தண்ணீர்ப்பை வேண்டாம் என்று விட்டுவிட்டோம், கணவாய் நாளில் முதலில் உறைவது அந்தக் குழாய்தான்.

அக்கா துளசிமாலையும் சின்னப் பாசுரப் புத்தகமும் எடுத்துக்கொண்டாள். அதற்குக் கனம் பார்க்கவில்லை.

அக்டோபர் 5, காத்மாண்டு

பிரிகுட்டிமண்டப் சுற்றுலா வாரிய அலுவலகத்தில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டு வாங்கினோம். சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். மலையேற்றக் கடைகள் நிறைந்த தமேலில் தூக்கப்பைகள் வாடகைக்கு எடுத்தோம். ஜிப் முழுதும் ஓடுகிறதா, பஞ்சு ஒரு பக்கமாகக் கட்டிக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துத்தான் வாங்கினோம்.

அக்டோபர் 6, காத்மாண்டு

வழிகாட்டியும் சுமைதூக்கி இருவரும் வந்து பார்த்தார்கள். நான் முதலில் பார்த்தது சுமைதூக்கிகளின் காலணியை. ஒருவரிடம் நல்ல பூட்ஸ், கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் இருந்தன. இன்னொருவர் கான்வாஸ் ஷூவில் வந்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு தமேலுக்கே திரும்பப் போய் பூட்ஸ், காலுறை, ஜாக்கெட் வாங்கினோம். இருவருக்கும் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று தாளைக் கேட்டுப் பார்த்தோம். இருந்தது.

மாலையில் வழிகாட்டி எங்களை உட்கார வைத்து ஹிந்தியில் நிதானமாகப் பேசினார். தினமும் காலையும் இரவும் அவர் கேட்பார்: தலைவலி உண்டா, சாப்பாடு இறங்கியதா, தூங்கினீர்களா? தலைவலி என்றால் அது உயரத்தால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார். தலைவலியோடு யாரும் மேலே போகக் கூடாது. கூடினால் கீழே, அது நள்ளிரவானாலும். நேர்க்கோட்டில் குதிகாலோடு பெருவிரல் ஒட்டி நடக்கச் சொல்லும்போது தடுமாறினால், பேச்சே கிடையாது, உடனே இறக்கம். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவர்கள் சீசனில் உயர நோய் பற்றிப் பிற்பகலில் பேசுவார்கள், அதற்கு மூவரும் கட்டாயம் வர வேண்டும் என்றார்.

கணவாய் நாளில் ஃபெடியிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். வெயில் ஏற ஏற உச்சியில் காற்று மோசமாகிவிடும்.

“அக்காவுக்கு முடியலைன்னா?” என்று தம்பி கேட்டான். மூவரும் சேர்ந்து இறங்கி, பொக்காரா போய், ஜோம்சோம் வழியாக முக்திநாத்துக்கு அழைத்துப் போவதாக வழிகாட்டி சொன்னார். அதற்கான நாளும் எங்கள் திட்டத்தில் இருக்கிறது. அக்கா தலையாட்டினாள். “பெருமாள் ரெண்டு வழியிலயும்தான்டா இருக்காரு” என்றாள்.

பெசிசஹர் பேருந்து காலை ஏழு மணிக்கு. வங்கக்கடலில் இன்று காற்றழுத்தத் தாழ்வு எதுவும் இல்லை. சாமேயில் சிக்னல் இருந்தால் அங்கிருந்து எழுதுகிறேன்.