பாட்டில் சொல் விளங்கணும்: ஒரு பேண்டு நாட்குறிப்பு

22 டிசம்பர் 2024, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் நேரே குலசேகரம் பஸ் ஏறிவிட்டேன். தோழியின் பேண்டு ஜனவரி 4ஆம் தேதி மார்த்தாண்டத்தில் வாசிக்கிறது. அவர்களுக்கு இதுதான் முதல் முழு நிகழ்ச்சி. இதுவரை கிறிஸ்துமஸ் விழாவில் இரண்டு பாட்டு, கல்லூரி ஆண்டு விழாவில் மூன்று பாட்டு என்றுதான் மேடை கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம், ஒன்பது பாட்டு. அதில் ஏழு அவர்களே எழுதி மெட்டுப் போட்டவை, ஏழும் தமிழ். "மேடைப் பக்கம் நீ நின்னா எனக்குத் தைரியமா இருக்கும் பிள்ளே" என்றாள். பத்தாம் வகுப்பிலிருந்து எங்கள் கோயில் பாடற்குழுவுக்கு மிக்சர், அதாவது குரலையும் வாத்தியத்தையும் கூட்டிக் குறைக்கிற சவுண்ட் பெட்டி, பார்க்கிறேன். அதை நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

பிராக்டிஸ் நடப்பது அவள் வீட்டுக்குப் பின்னால், முன்பு ரப்பர் ஷீட் அடித்த ஷெட்டில். மெஷினை எப்போதோ விற்றுவிட்டார்கள். புளித்த ரப்பர் பாலின் வாசனை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், நடுவில் அவள். தகரக் கூரைக்கு அடியில் எல்லாம் சேர்ந்து அடித்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

"ஒட்டுப்பால்" என்று ஒரு பாட்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பிறகு, வெட்டின சாலில் கொஞ்சம் பால் ஒட்டி உறைந்து கிடக்கும். அடுத்த வெட்டுக்குப் போகும்போது அதை நாடா போல உரித்தெடுத்துச் சாக்கில் சேர்த்து வைப்பார்கள். ஷீட்டுக்குக் கிடைக்கிற விலை அதற்குக் கிடைக்காது. அவள் அம்மா இருபது வருடத்துக்கு மேலாகப் பால் வெட்டுகிறார்கள். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட பீஸுக்கு அந்த ஒட்டுப்பால் சாக்குதான் பல தடவை கைகொடுத்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். பாட்டு முழுக்க அதுதான்.

அம்மா கட்டன் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் கொண்டுவந்து, வாசலில் நின்று அந்தப் பாட்டைக் கடைசி வரை கேட்டார்கள். முடிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "சத்தமெல்லாம் கொள்ளாம் மக்களே. என்னது பாடுதன்னுதான் விளங்கல்ல."

யாரும் பதில் சொல்லவில்லை. அது அவர்களைப் பற்றிய பாட்டு என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

27 டிசம்பர், வெள்ளி

கிறிஸ்துமஸ் அலைச்சல் ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் பதிவு செய்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மா சொன்னது சரி. குரல் சின்னதாக இல்லை, நன்றாகவே பாடுகிறாள். ஆனால் "சிரட்டை" (பால் பிடிக்கிற தேங்காய் ஓடு) என்று அவள் பாடும் இடத்தில் எனக்கு "இரட்டை" என்று கேட்கிறது. "பால்" எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

நம் மொழியில் சொல்லைத் தாங்குவது மெய்யெழுத்து. ச, ட, ற இவற்றின் உராய்வும் வெடிப்பும் ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் தெளிவாகக் கேட்கும். டிஸ்டார்ஷன் போட்டு, அதாவது சத்தத்தைக் கரகரவென்று உடைத்து வாசிக்கிற, கிட்டாரும் அதே இடத்தில்தான் உட்காருகிறது, அதுவும் இரண்டு கிட்டார். அதற்கு மேல் டிரம்ஸின் சிம்பல், அந்த உலோகத் தட்டு. அ, ஆ எல்லாம் தப்பித்துவிடும், மெய்யெழுத்து அடிபட்டுப் போகும். கேட்கிறவனுக்கு ராகம் கிடைக்கும், சொல் கிடைக்காது. சினிமாப் பாட்டு என்றால் எல்லோருக்கும் வரி மனப்பாடம், மனமே நிரப்பிக்கொள்ளும். புதுப் பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. முதல் தடவை கேட்கும்போதே விளங்க வேண்டும்.

இந்த நிகழ்ச்சியில் என் வேலை இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பெட்டி தூக்குவது, கேபிள் போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

31 டிசம்பர், செவ்வாய்

சவுண்ட் சர்வீஸ் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை வெள்ளி விழா. 2000 ஜனவரி 1ஆம் தேதி திறந்த சிலைக்கு நாளையோடு 25 வருடம். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்குப் போகிற கண்ணாடிப் பாலத்தையும் நேற்றுத் திறந்துவிட்டார்கள். அண்ணனின் பையன்கள் அந்தப் பக்கம் வேலையில் இருக்கிறார்களாம். 3ஆம் தேதி பேசலாம் என்றார்.

2 ஜனவரி 2025, வியாழன்

லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். உருப்படியான நாள்.

முதலில் மைக். அவள் டிரம்ஸுக்கு நேர் முன்னால், அதற்கு முதுகு காட்டி நின்று பாடுவாள். அப்படி நின்றால் மைக்கின் வாய் டிரம்ஸைப் பார்த்தபடி இருக்கும். குரலோடு சிம்பலும் சேர்ந்து உள்ளே போகும். குரலைக் கூட்டினால் சிம்பலும் கூடும். பாட்டுக்கு வைக்கிற மைக் முன்னால் இருந்து வருவதை நன்றாக வாங்கும், பின்பக்கம்தான் அதற்குக் காது மந்தம். அவளை ஓர் ஓரமாக நகர்த்திச் சாய்த்து நிறுத்தினேன். சிம்பல் நேராக மைக்கின் வாயில் விழுவது நின்றது. பாடுகிறவளுக்கு அவள் குரலையே கேட்கவைக்கிற மானிட்டர் பெட்டியை மைக்கின் முதுகுக்கு நேராக வைத்தேன். இன்னொரு விஷயம்: உணர்ச்சி ஏறினால் மைக்கின் வலைப் பகுதியைக் கையால் பொத்திப் பிடிப்பாள். பார்க்க அழகுதான். ஆனால் பின்பக்கத்தை மூடினால் மைக் நாலாபக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், உடனே ஸ்பீக்கர் கூவும். "தண்டைப் பிடி, தலையைப் பிடிக்காதே" என்று ஒரு பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

அப்புறம் கிட்டார். லீட் வாசிக்கிற அண்ணனின் ஆம்பிளிபயர் தரையில் இருந்தது. சத்தம் அவருடைய முழங்காலுக்குப் பாய்கிறது, காதுக்கு வரவில்லை. வரவில்லை என்று அவர் கூட்டிக்கொண்டே போகிறார். அதைத் தூக்கி ஒரு மர ஸ்டூலில் வைத்து, முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்தோம். ஒரு ஸ்வரம் தட்டிவிட்டு அவரே திரும்பிப் பார்த்தார். "அம்மோ, இவ்வளவு சத்தமாவா இருந்துது?" கேட்டுக்கொண்டே பாதிக்குக் குறைத்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது கிட்டார் தம்பிதான் பிடிவாதம். "ராக்குன்னா சத்தம் வேணும் அக்கா." வேண்டும்தான், எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். அது இல்லாவிட்டால் இந்தப் பாட்டுக்குக் கோபமே கிடையாது. ஆனால் குரல் வருகிற வரிகளில் அவன் ஆறு கம்பியும் விளாச வேண்டியதில்லை. கையால் அமர்த்தி வாசித்துவிட்டு, வரி முடிந்ததும் திறந்து விட்டால் அந்தத் திறப்புக்கே இரண்டு மடங்கு பலம் வரும். ஒரு தடவை செய்து பார் என்றேன். செய்தான். டிரம்ஸ் அண்ணன் குச்சியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அதற்கு மேல் அவன் வாதாடவில்லை.

"சிரட்டை" இப்போது சிரட்டையாகவே கேட்கிறது.

3 ஜனவரி, வெள்ளி

காவல் நிலைய அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதனால் 9.30க்கே முடிக்கிறோம். சாயங்காலம் எல்லா ஜாக்கையும் துடைத்தோம். பேஸ் தம்பி குளச்சல்காரன். கடல் காற்றில் அவன் கேபிள் முனையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அதைத் தேய்த்து எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

4 ஜனவரி, சனி

இரவு ஒன்றரை மணி. கால் வீங்கியிருக்கிறது, தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு மண்டபத்துப் பின்மைதானத்தில் பெட்டி இறக்கினோம். சவுண்ட் அண்ணன் கறாரான ஆள். வந்ததும் யாரோ ஒருவன் கேபிளை முழங்கையில் சுற்றுவதைப் பார்த்துவிட்டார். "லேய், அது என்ன கிணத்துக் கயிறா?" என்று பிடுங்கி, எப்படிச் சுற்ற வேண்டும் என்று எல்லோரையும் நிறுத்திவைத்துக் காட்டினார். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் கையை உள்பக்கம் திருப்பி, மறுபடி நேராக. அப்படிச் சுற்றின கேபிளை வீசினால் முறுக்கு விழாமல் பாம்பு போல நீண்டு கிடக்கும். முழங்கையில் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு ஒருநாள் மேடையில் காலை வாரும். நானே பாடற்குழுவில் இத்தனை வருடம் தப்பாகச் சுற்றியிருக்கிறேன். இருபது கேபிளையும் அவிழ்த்து மறுபடி சுற்றிப் பழகினேன்.

நான்கரைக்கு சவுண்ட் செக். அப்போதுதான் அது நடந்தது. கிட்டார் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மைக் பக்கம் போன தோழி "அம்மா" என்று அலறிப் பின்னால் சாய்ந்தாள். உதட்டில் ஷாக். கை கம்பியில் இருந்தது, உதடு மைக்கில் பட்டது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் மெயினை அணைக்கச் சொல்லி அவளைப் பார்த்தார். உதடு மரத்ததோடு போயிற்று. அவளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு மறுபடி கரண்ட் விட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை மைக்கிலும் மறுமுனையைக் கிட்டார் கம்பியிலும் வைத்தார். 90 வோல்ட் காட்டியது.

மிக்சர் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் ஆம்பிளிபயரை யாரோ மண்டபத்துச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தார்கள். அதற்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் போர்டைத் திருப்பிப் பார்த்தால் மூன்றாவது பின்னை ஒடித்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு ஓட்டை பிளக்கில் நுழைய வேண்டும் என்பதற்காக எர்த்தையே வெட்டி எறிவது. அந்தப் போர்டை அண்ணன் காலால் மிதித்து உடைத்தார். இனி யாரும் எடுக்கக் கூடாது என்பதற்காக. எல்லாவற்றையும் ஒரே டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியிலிருந்து, ஒரே எர்த்தில் கொடுத்தோம். மறுபடி மீட்டர் வைத்தார்: ஒன்றுமில்லை. மத்தியானத்திலிருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த "ம்ம்ம்" என்ற இரைச்சலும் அதோடு போய்விட்டது. மேடை ஏறுகிற பிள்ளைகள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எர்த் பின் அலங்காரத்துக்கு இல்லை. உதட்டில் படுவது சில சமயம் உயிரிலும் படும்.

அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "மைக்கைக் குடு" என்றாள். அவ்வளவுதான்.

மேம்பாலத்துப் பக்கம் டிராபிக், அதனால் ஆட்கள் மெல்லத்தான் வந்தார்கள். எட்டு மணிக்குத் தொடங்கியபோது முன்வரிசை காலி. மூன்றாவது பாட்டுக்குள் பாதி நாற்காலி நிறைந்தது. லீவில் வந்திருந்த கல்ப்காரர்கள் பின்னால் நின்று போனில் எடுத்தார்கள். இடையில் சில பையன்கள் சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தினார்கள். அவள் கோபப்படவில்லை. "அதுவும் வரும், முதல்ல எங்க பாட்டக் கேளுங்க மக்கா" என்றாள்.

"ஒட்டுப்பால்" ஏழாவது. நான் மிக்சர் பக்கத்தில் அண்ணனோடு நின்றேன். முதல் வரியில் அவர் கிட்டார் இரண்டையும் விரலால் ஒரு நூல் கீழே இறக்கினார். குரல் எழும்பி வந்து நின்றது. நான் மேடையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். முன்னால் ஒரு பெரியவர் ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்திவிட்டார். "சிரட்டை" என்ற சொல் வந்தபோது பக்கத்தில் இருந்தவரைத் தட்டி ஏதோ சொன்னார். நம்ம ஊர் சொல் ஒன்று இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் வருவதை அவர் முதல் தடவை கேட்டிருப்பார்.

அவள் அம்மா கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்தபடி, முகத்தில் எதுவும் காட்டாமல் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டவும் இல்லை. எனக்கு உள்ளே என்னவோ செய்தது.

5 ஜனவரி, ஞாயிறு

மத்தியானம் அவள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும். எல்லோரும் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா கிழங்கு வைத்துக்கொண்டே மகளைப் பார்த்துக் கேட்டார்கள்.

"மழையோட மழையா நின்னு பால் வெட்டினேன்னு எதுக்குப் பாடின?"

கை எல்லாம் தட்டிலேயே நின்றுவிட்டது.

"மழைல எவளாவது பால் வெட்டுவாளா? பட்டை நனைஞ்சா பாலு சால விட்டுப் பரந்து தடியெல்லாம் ஓடிரும், சிரட்டைல ஒண்ணும் விழாது. அங்க மரத்துக்கு பிளாஸ்டிக்கும் கட்ட மாட்டாங்க. மழைன்னா நான் வீட்டுலதான் இருந்தேன். அன்னிக்குக் கூலி கெடையாது. அதப் பாடு."

ஒவ்வொரு வரியையும் கேட்டிருக்கிறார்கள்.

தோழி கையைக்கூடக் கழுவாமல் இடது கையால் போனை எடுத்து அந்தக் கடைசி வாக்கியத்தைத் தட்டி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஷெட்டில் பாடிப் பார்த்தோம். "அன்னைக்குக் கூலி இல்லை" என்பது பழைய வரியை விட நீளம் குறைவு, தாளத்தில் ஓர் அடி மிச்சம் விழுகிறது. இரண்டாவது கிட்டார் தம்பி அதை வாசித்து நிரப்பலாம் என்றான். டிரம்ஸ் அண்ணன் வேண்டாம் என்றார். அந்த ஓர் அடியில் யாரும் ஒன்றும் வாசிக்காமல் விட்டுவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது.