இரண்டு பக்கமும் கடல்

01.06.2025, ஞாயிறு

வவுனியாவிலிருந்து சாமான் லொறி நேற்று மாலைதான் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. டைக் வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் மேல்மாடி வீடு. குசினி யன்னலைத் திறந்தால் பக்கத்து வளவு வேப்பமரம், அதற்கு மேலால் ஒரு விரற்கடை கடல். அந்த விரற்கடைக்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்டிருக்கிறார்கள் போல.

காலையில் பாண் வாங்க இறங்கினேன். மணிக்கூட்டுக் கோபுரம் வரை சரியாகத்தான் போனேன். திரும்பும்போது வேறு சந்தியால் வந்து வழி பிழைத்துவிட்டது. கடலைப் பிடித்தால் வீட்டைப் பிடித்துவிடலாம் என்று ஒரு கெட்டித்தனம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஐயா ஒருவரிடம், "கடல் எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பிடியும் போகலாம், அப்பிடியும் போகலாம் பிள்ளை."

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து முதலில் காட்டிய பக்கமே நடந்தேன். கடல் வந்தது. ஆனால் அலை இல்லை, மணல் இல்லை, சத்தம் இல்லை. சுற்றிவரக் கரை, நடுவில் அசையாத தண்ணீர், தூரத்தில் ஒரு கப்பல். வவுனியாக் குளத்தில் யாரோ கப்பலைக் கொண்டுவந்து விட்டது மாதிரி. பாண் ஆறிப்போய்விட்டது.

03.06.2025, செவ்வாய்

இந்தக் கதையைக் கேட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. பக்கத்து மேசை அக்கா பழைய பற்றுச்சீட்டொன்றின் பின்பக்கத்தில் ஊரை வரைந்து காட்டினார். கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு கோணேசர் மலை. அதற்கு வடக்கே பேக்பே, தெற்கே டச்பே, இரண்டும் குடாக்கள். ஊரின் முதுகுப் பக்கம், மேற்கே, உட்துறைமுகம். இத்தனைக்கும் நடுவில் ஒடுங்கிய கழுத்து மாதிரித் தரை. அதில்தான் கடைத்தெருவும் கோயிலும் பள்ளிக்கூடமும் நானும்.

வரும் வழியில் திருஞானசம்பந்தர் வீதி. அவர் இங்கே காலடி வைக்காமல் இராமேசுவரத்தில் நின்றே கோணமாமலையைப் பாடினார் என்பார்கள். நான் இங்கேயே நின்றும் மடத்தடி என்ற இடத்தைத் தேடுகிறேன். மடம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

08.06.2025, ஞாயிறு

விடியவே கோட்டைக்கு நடந்தேன். போர்த்துக்கேயர் 1620களில் மலைக்கோயிலை இடித்து அந்தக் கல்லைக்கொண்டே கட்டியது. பிறகு ஒல்லாந்தர், அப்புறம் ஆங்கிலேயர். பிரெட்ரிக் கோட்டை என்று 1803இல் பேர் வைத்தவர்கள் இவர்கள். உள்ளே இப்போதும் இராணுவ முகாம். அதற்கு நடுவால்தான் கோணேசரிடம் போகிற வீதி. இடித்த கல்லைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் நடை கொஞ்சம் மெதுவானது.

பூக்கடையில் ஒரு தாமரை வாங்கினேன். காசு எடுக்கக் குனிந்த நேரம் கையில் ஏதோ ஈரம். பார்த்தால் ஒரு புள்ளிமான். மூக்கை என் மணிக்கட்டில் வைத்தபடி, அவசரமே இல்லாமல், மொட்டைக் காம்பிலிருந்து கழற்றி மென்றுகொண்டிருந்தது. காது மடலில் இரண்டு உண்ணி. மெல்லும்போது தாடை பக்கவாட்டில் போய்வருகிறது. வெள்ளை இதழ் ஒன்று உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பூக்காரம்மா கொஞ்சமும் பதறவில்லை. "இன்னொண்டு எடுங்கோ மகள்" என்றார். அதற்கும் காசுதான்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு மான் சாப்பாடு சுற்றிய லஞ்ச் சீற் பொலித்தீனை மென்றுகொண்டு நின்றது. பறிக்கப் போனேன்; ஓடிவிட்டது. பூவைத் தின்றதைச் சிரித்துக்கொண்டு பார்க்கலாம், இதை முடியவில்லை.

மேலே இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவு. பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள். அங்கிருந்து பேக்பே கரை வளைந்து போவது தெரிகிறது. கீழே தெரிகிற கூரைகளில் என் யன்னலைத் தேடினேன். வேப்பமரங்கள்தான் தெரிந்தன, எக்கச்சக்கமாக.

10.06.2025, செவ்வாய்

சந்தைக்கும் வீட்டுக்கும் பதினான்கு நிமிடம். மீன் பையோடு என்றால் பதினொன்று.

14.06.2025, சனி

கச்சான் காற்று பிடித்துவிட்டது. தென்மேற்கிலிருந்து சுடச்சுட வருகிறது, வாய்க்குள் புழுதி. கொடியில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடுகிறது, நின்றால்தானே! தலையணை உறை ஒன்று பறந்து போனது. கீழ்வீட்டு அன்ரி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"கச்சானுக்கு எல்லாம் பேக்பே பக்கம்தான் போகும். வாடைக்கு ரோட்டுப் பக்கம் தேடுங்கோ."

மாலையில் வேண்டுமென்றே உட்துறைமுகம் வரை நடந்தேன். சூரியன் மலைகளுக்குப் பின்னால் போகும்வரை நின்றேன். திரும்பும்போது தெரியாத ஒழுங்கைகளாகப் பார்த்து நுழைந்தேன். முதுகில் காற்று தள்ளுகிற பக்கமே நடந்தேன். இரண்டு இடத்தில் முட்டுச் சந்து, ஓரிடத்தில் நாய். டைக் வீதிக்கு வந்து ஏறியபோது என் ஒழுங்கை நாலு வீடு தள்ளி இருந்தது.

உறை இன்னும் வேப்பமரத்தில்தான் கிடக்கிறது. குசினி யன்னலில் நின்று பார்த்தால் அந்த விரற்கடைக் கடலை அது மறைக்கிறது.