நாற்பது லிக்குகளும் ஒரு ஃபிரெட் இறக்கமும்

ஜாஸ் கிட்டார் கற்கத் தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் நாற்பது லிக்குகளை, அதாவது சிறு இசைத் துணுக்குகளை, மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் நண்பர் ஒருவர் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசையை வாசித்து, அதன்மேல் இம்ப்ரொவைஸ் செய்யச் (அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிக்கச்) சொன்னபோது, பள்ளிப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பதுபோல்தான் வாசிக்க முடிந்தது. அவர் சி மேஜருக்குப் போன பிறகும் என் விரல்கள் ஜி 7இலேயே உழன்றன.

அதன்பின் லிக்குகளை ஒதுக்கிவிட்டு, கார்டு மாறும் இடத்தை மட்டும் கவனித்தேன். டி மைனர் 7இன் ஏழாம் சுரமான சி, ஒரு ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் ஒரு கட்டம்) இறங்கினால் ஜி 7இன் மூன்றாம் சுரமான பி ஆகிறது. ஜி 7இன் ஏழாம் சுரமான எஃப், அவ்வாறே இறங்கி சி மேஜரின் மூன்றாம் சுரமான ஈ ஆகிறது. முதல் தந்தியில் எட்டாம் ஃபிரெட்டிலிருந்து ஏழுக்கும், இரண்டாம் தந்தியில் ஆறிலிருந்து ஐந்துக்கும் விரல் நகர்ந்தால், பின்னணியில் யாரும் வாசிக்காமலேயே கார்டு மாறுவது காதில் விழும். இரண்டு வாரங்கள் இதை மட்டுமே வாசித்தேன். வீட்டாரின் பொறுமை பெரிது.

பிறகு ஒரே ஒரு லிக்கை எடுத்துக்கொண்டேன்: ஏ, ஜி, எஃப், ஈ, டி என இறங்கி, எஃப், ஏ, சி என ஏறி, ஜி 7இன் முதல் அடியில் பியைத் தொடுவது. அங்கிருந்து சி மேஜருக்குள் நுழையும்போது, எஃப், டி, டி ஷார்ப் (டிக்கு ஒரு ஃபிரெட் மேல்) என மேலும் கீழும் வளைத்துக்கொண்டு ஈயில் இறங்குவேன். சீராகத் தட்டும் தாளக் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என வைத்து, அதன் ஒலியை இரண்டாம், நான்காம் அடிகளாகக் கொண்டு, அதே லிக்கை அரை அடி தள்ளியும், பாதியில் நிறுத்தியும் வாசித்தபோதுதான் அது என் பேச்சுபோல் வரத் தொடங்கியது.

1942இல் 25 வயதிலேயே மறைந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோ (தனி வாசிப்பு) ஒன்றில் எட்டு பார்களைக் (தாளச் சுற்றுகளைக்) காதால் கேட்டு எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியும் கிறிஸ்டியனின் சோலோக்களைக் கேட்டுக் கேட்டே கற்றவர் என்பது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

மைனர் கார்டில் முடியும் வரிசை இன்னும் வசப்படவில்லை. ஈ 7இன் டி, ஏ மைனரின் சிக்கு இறங்க இரண்டு ஃபிரெட் வேண்டும். பழகிய விரலோ ஒன்றிலேயே நின்று சி ஷார்ப்பை அழுத்தி, ஏ மைனரை மேஜராக்கிவிடுகிறது.