இடது கை கற்றுக்கொண்ட தையல்

திறந்த அறுவை சிகிச்சையில் நூற்றுக்கணக்கான முடிச்சுகள் போட்டவன் என்ற தெம்போடுதான் லேப்ராஸ்கோப்பிப் பயிற்சிப் பெட்டியின் முன் நின்றேன். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா காட்டும் திரையைப் பார்த்தபடி நீண்ட கருவிகளால் செய்யும் அறுவை சிகிச்சைதான் லேப்ராஸ்கோப்பி. முதல் முடிச்சுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதுவும் இறுகவில்லை, ரப்பர் குழாயின் விளிம்பு கிழிந்ததுதான் மிச்சம்.

கருவி, துளையை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. கையை வலப்பக்கம் கொண்டுபோனால் முனை இடப்பக்கம் போகும். திரையில் ஆழமும் தெரியாது. இவற்றுக்கெல்லாம் இரண்டு வாரங்களில் பழகிவிட்டேன். என்னைப் படாதபாடு படுத்தியது ஊசிதான்.

வளைந்த ஊசியைத் துளை வழியாக இறக்கும்போது ஊசியைப் பிடிக்கக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நூலைப் பிடிக்க வேண்டும். ஊசி தானாகப் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். உள்ளே போன பிறகு அதை நிமிர்த்த வேண்டுமே! வலது கைக் கருவியால் கவ்வுவேன், கோணலாக நிற்கும். விடுவேன், மறுபடி கவ்வுவேன். பக்கத்தில் நின்ற மூத்த மருத்துவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வலது கை சும்மா இருக்கட்டும். பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இடது கையால் நூலை மெல்ல இழுத்துப் பார்" என்றார். இழுத்தேன். கிடந்த ஊசி பிடிக்குள்ளேயே சுழன்று, நேராக எழுந்து நின்றது. அந்தக் கணத்தை இன்றும் நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. அதுவரை இடது கையை வெறும் துணைக்கு வைத்திருந்தேன். தையலை நடத்துவதே அதுதான் என்று அன்றுதான் புரிந்தது.

நூலின் நீளத்திலும் தவறு செய்தேன். தாராளமாக இருக்கட்டும் என்று முப்பது சென்டிமீட்டர் விட்டேன். பெட்டிக்குள் நூல் சிக்கலாகச் சுருண்டுகொண்டது. ஒரு முடிச்சுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் போதும். ஊசி இல்லாத வால்நுனியும் குட்டையாக இருக்க வேண்டும்; நீண்டுவிட்டால், இழுக்க இழுக்க நுனி வளையத்தைவிட்டு வெளியே வரவே வராது. நூலை 'சி' வடிவில் வளைத்து, கருவியை அதன்மேல் வைத்து இரண்டு சுற்று. அடுத்தது எதிர்த்திசையில் ஒரு சுற்று. மீண்டும் திசை மாற்றி ஒன்று. இதை மட்டும் தினமும் இரவில் ஒரு மணி நேரம் செய்தேன்.

நோயாளியிடம் முதன்முதலில் எனக்குக் கிடைத்தது, தொப்புள் அருகே பத்து மில்லிமீட்டர் துளையை மூடும் வேலை. ஐந்து மில்லிமீட்டர் துளைகளில் பெரும்பாலும் தோலை மட்டும் மூடினால் போதும். இதில் தோலுக்குக் கீழுள்ள உறுதியான படலத்தையும் தைக்காமல் விட்டால், பின்னாளில் அந்த வழியாகக் குடல் பிதுங்கி வரலாம். இன்னொரு துளையில் கேமரா இருந்தது. ஊசி உட்பக்கம் எட்டிப் பார்த்ததையும் மறுபக்கம் ஏறியதையும் திரையில் பார்த்தேன். இறுக்கும் முன் கேமராவை நெருக்கமாகக் கொண்டுவரச் சொன்னேன். நூலுக்கும் சுவருக்கும் இடையே குடலோ கொழுப்புத்திரையோ எதுவும் இல்லை. "கட்டு" என்றார் மூத்தவர். கட்டினேன்.