எங்கள் ஆற்றுக்கு எந்த விளக்கு?

எங்கள் ஆற்றுக்கு எந்த விளக்கு என்று ஒரு பெண் கேட்டபோது, எச்சரிக்கைப் பலகையில் கையை எங்கே நீட்டினேன் என்பது துல்லியமாக நினைவிருக்கிறது. கீழ் வரிசை, வலது ஓரத்திலிருந்து இரண்டாவது சதுரம். "இதுதான் அம்மா" என்றேன். அந்தப் பெண் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். எழுத்து எதுவும் இல்லாத சதுரம் அது.

"இது எரிந்தால் என்ன செய்வீர்கள், அண்ணே?"

"சாம்பல் பம்பை நிறுத்துவோம்."

"அப்படியானால் இது எரிந்ததே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். மழை விட்டிருந்தது. போய்விட்டார்.

காசிமேட்டுக்கு வந்தவர், ராயபுரத்தில் நாங்கள் கண்காட்சி வைத்திருந்த பழைய கிடங்கில் மழைக்கு ஒதுங்கியிருந்தார். முகத்துவாரத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. நான் சொன்னதை நம்பிவிட்டுப் போனாரா, என்னைக் குத்திவிட்டுப் போனாரா? மாதங்கள் ஆகியும் எனக்குப் பிடிபடவில்லை. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் 28 ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு ஓர் இளம் சிற்பி தேடி வந்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் எச்சரிக்கைப் பலகையை வாங்கியிருந்தார். 72 சதுரங்கள், ஒவ்வொன்றின் பின்னும் குட்டி பல்பு. "இதற்கு உயிர் கொடுக்க முடியுமா சார்?" என்றார். தொழில்நுட்பம் மனிதனுக்குக் கொடுப்பதும் மனிதனிடமிருந்து எடுப்பதும், அதுதான் கருப்பொருளாம். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன், சொல்லவில்லை. பலகையைப் பார்த்ததும் கை பரபரத்ததுதான் உண்மை.

அவர் அமைத்தது இதுதான். பலகைக்கு முன்னால் வீட்டுச் சாமான்கள்: மேசை விசிறி, மிக்சி, பிள்ளைகள் படிக்கும் விளக்கு, தையல் எந்திரம். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு சதுரம் சிமிட்டும், ஹூட்டர் அலறும். பார்வையாளர் 'அக்செப்ட்' பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். விசிறி ஓடும். மேலிருந்து ஒரு பிடி சாம்பல் சாமான்கள்மேல் விழும். உண்மையான நிலக்கரிச் சாம்பலை வருகிறவர்கள் மூச்சில் இழுக்கக் கூடாது என்று நான் அடம்பிடித்ததால், அரிசி மாவில் கரித்தூள் கலந்து வைத்தோம். மூன்றாம் நாள் எறும்பு வந்துவிட்டது.

'அக்செப்ட்' என்றால் என்ன என்று அவர் கேட்டபோது, "சத்தத்தை நிறுத்துவது. விளக்கு நிற்காது. கோளாறு சரியாகும்வரை எரிந்துகொண்டே இருக்கும்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதைத்தான் தேடினேன் என்றார். எனக்கு அதில் மலர எதுவும் இல்லை. ஒரு ஷிப்டில் எத்தனை முறை அழுத்துவோம் என்று எண்ணியவன் கிடையாது.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த கதை ஒன்று உண்டு. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையம். முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் அதன் விளக்கோ அணைந்துவிட்டது. மூடிவிட்டது என்று நினைத்தார்கள். அந்த விளக்கு வால்வைப் பார்த்து எரிந்ததல்ல. மூடச் சொல்லிக் கட்டளை போனதும் அணையும்படி அமைத்திருந்தார்கள், அவ்வளவுதான். குளிர்விக்கும் நீர் மணிக்கணக்கில் வெளியேறி உலை பாதி உருகியது. இந்தக் கதையை நான் புதிய பையன்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். விளக்கை நம்பாதே, விளக்கு எதைப் பார்க்கிறது என்று கேள் என்பேன். பெரிய ஞானி மாதிரி.

எங்கள் பலகையில் எதுவுமே ஆற்றைப் பார்க்கவில்லை. நம் நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளுவோம். குழாய் உடைந்தால் சாம்பல் ஆற்றில்தான் போய்ச் சேரும், எங்கள் அறையில் எந்தச் சதுரமும் எரியாது. தொலைபேசிதான் மணியடிக்கும்.

அடித்தது. ஒரு கத்திரி வெயில் நாள், இரவு ஷிப்ட். "சார், ஆறு பால் மாதிரி போகிறது" என்றது ஓர் ஆண் குரல். லாக் புத்தகத்தில் நேரத்தோடு எழுதினேன், சாம்பல் பிரிவுக்குச் சொன்னேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். பம்பை நிறுத்தினால் சாம்பல் தொட்டிகள் நிரம்பும், அதற்குள் வேலை முடியாவிட்டால் மின் உற்பத்தி யூனிட்டையே நிறுத்த வேண்டும். 210 மெகாவாட். ஊரே விசிறிக்கடியில் புரண்டுகொண்டிருந்த இரவு அது. எங்கேயோ பிரசவ வார்டு இருக்கும், ஏதோ குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். இப்படியெல்லாம் அன்று யோசித்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா? பம்ப் காலை வரை ஓடியது. லோடு, அதாவது மின் உற்பத்தியைக் குறைக்கலாமா என்று ஷிப்ட் பொறியாளரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் போனதைச் சிற்பி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, "அந்தக் காலிச் சதுரத்தில் 'ஆறு' என்று எழுதி எரியவிடலாமா சார்?" என்றார். கூடாது என்றேன். அது ஸ்பேர், பிற்காலத் தேவைக்காக விட்டுவைத்த இடம், எந்தக் கருவியிலிருந்தும் அதற்குக் கம்பி வரவில்லை, இல்லாததை இருந்ததாகக் காட்டுவது எந்திரத்துக்குச் செய்யும் துரோகம் என்று நீளமாகப் பேசினேன். அரிசி மாவைச் சாம்பலாக்கியவன் பேசிய பேச்சு. முந்தைய நாள்தான் அதே சதுரத்தைக் காட்டிப் பொய் சொன்னவனும்கூட. அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. "சரி சார்" என்று விட்டுவிட்டார்.

பிறகு யோசித்தால், எனக்கு அந்தச் சதுரம் காலியாக இருப்பதுதான் லாபம். 'ஆறு' என்று அங்கே எழுதியிருந்தால், எரிந்தது, இவன் அக்செப்ட் அழுத்தினான் என்றாகிவிடும். காலியாக இருந்தால் பலகை செய்தவனுக்கே தோன்றவில்லை, நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டுமே முழு உண்மை இல்லை. தொலைபேசி அடித்தபோதே எனக்குத் தெரியும்.

கடைசி நாள் மாலை, சாமான்களைக் கட்டுவதற்கு முன் வழக்கம்போல் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால் எல்லாச் சதுரங்களும் எரிய வேண்டும். ஒன்று எரியவில்லை. ஸ்பேர் சதுரத்தின் பல்பை எடுத்து வேறு இடத்தில் போட்டுக்கொள்வது எல்லா ஷிப்ட்காரர்களும் செய்கிற வேலை, இந்தப் பலகையிலும் யாரோ செய்திருந்தார்கள். பையில் ஒரு பல்பு இருந்தது. போட்டு, மறுபடி அழுத்தினேன். எரிந்தது.

"எதற்கு சார், கழற்றத்தானே போகிறோம்?" என்றார் சிற்பி.

"பல்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன்" என்றேன்.