வெள்ளாமை வெட்டும் மாதங்களில் கண்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கண் நோய் என்றதும் எல்லோரும் முதியவர்களின் கண்புரையைத்தான் சொல்வார்கள். வெள்ளாமை வெட்டும் மாதங்களில் நான் அதிகம் காண்பது வேறொன்று. வயல்களில் இப்போது இயந்திரம் இறங்கிவிட்டாலும் தூசும் சுணையும் குறையவில்லை. நெல்லின் சுணை பட்டுக் கருவிழியில் கீறல் விழுகிறது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று சிலர் இருந்துவிடுவார்கள், சிலர் தாய்ப்பால் விடுவார்கள், இன்னும் சிலர் வேறு யாருக்கோ எப்போதோ எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவார்கள். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்து, கீறலில் பூஞ்சணமும் தொற்றியிருந்தால், புண் வேகமாகப் பரவிவிடும். பிறகு மட்டக்களப்புக்குப் போய்ப் புண்ணை ஆற்றினாலும் அது விட்டுச்செல்லும் வெண்தழும்பு பார்வையை மறைத்துக்கொண்டே இருக்கும்.

இதைத் தடுக்க ஊருக்கு ஊர் கண் வைத்திய நிபுணர் தேவையில்லை என்பதை நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆரம்பக் கண் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள், கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் குளோரம்பெனிகோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாட்கள் இட்டார்கள். காயம்பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த எவருக்கும் புண் உண்டாகவில்லை. எனக்கு அந்த 18 மணி நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள ஓர் ஊரில் மாலையில் கண்ணில் அடிபட்டவர் மறுநாள் வேலையை விட்டு, பேருந்து பிடித்து, கிளினிக் வரிசையில் நிற்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும். அதே ஊரில் பயிற்சி பெற்ற ஒரு பெண்பிள்ளை இருந்தால், புளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் கீறல் பச்சையாகத் தெரிகிறதா என்று அன்றிரவே பார்த்துவிடலாம்.

அவள் கற்க வேண்டியவை எட்டாதவை அல்ல. ஆறு மீற்றர் தூரத்தில் பார்வைப் பலகையை மாட்டி ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க வேண்டும். பார்வை குறைந்திருந்தால் ஊசித்துளை வழியே மறுபடியும் பார்க்கச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியோடு தீரும், தெளியாவிட்டால் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். எங்கே தன் வேலை முடிந்து வைத்தியரின் வேலை தொடங்குகிறது என்று அறிந்திருப்பதே இந்தப் பயிற்சியில் கடினமான பகுதி என்று நினைக்கிறேன்.

பெண்பிள்ளை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "இனிப் பார்த்து என்னத்தைச் செய்யப் போறன் மகள்" என்று கண்ணை மறைத்துக்கொள்ளும் கிழவிகள், கண் சிகிச்சை முகாமுக்கு வராவிட்டாலும், வாசலுக்கு வரும் பேத்தி வயதுப் பிள்ளையிடம் கண்ணைக் காட்டுவார்கள். மருதமுனைத் தறிகளில் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு வெள்ளெழுத்து வந்து கிட்டத்தில் உள்ளது மங்கினால் இழை பிசகுவது தெரியாது. (சேலை வாங்குபவர் அதை முதலில் கண்டுபிடித்துவிடுவார், கூலியும் அங்கேயே குறையும்.) அசாமில் தேயிலை கொய்யும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க உதவும் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது.

முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்றுகிறது. பார்வைச் சோதனையிலிருந்து சத்திரசிகிச்சைக்கான ஆயத்தம் வரை பெரும்பகுதி வேலையை அவர்களே செய்வதால், வைத்தியரின் நேரம் வைத்தியருக்கே உரிய வேலைக்கு மிஞ்சுகிறது. பலர் பாடத்திட்டத்தைப் புகழ்கிறார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது, பயிற்சி முடியும் இடத்திலேயே சம்பளத்தோடு வேலை தொடங்குவதுதான்.

நம் பக்கத்தில் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. தையல், கணினி, முதலுதவி என்று எல்லாம் முடித்த பிள்ளைகள் அந்தத் தாள்களைக் கோப்பில் வைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ போகிறார்கள். கண் பயிற்சியும் அப்படியே ஒரு பட்டமளிப்புப் புகைப்படத்தோடு முடிவதானால் தொடங்காமலே இருக்கலாம். விண்ணப்பம் கோருவதற்கு முன்பே, மாகாணச் சுகாதாரத் திணைக்களம் பிரதேச வைத்தியசாலைகளில் இதற்கென ஒரு பதவியையும், மாதச் சம்பளத்தையும், வீடு வீடாகப் போக ஒரு ஸ்கூட்டியையும், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்க ஒரு கண் வைத்தியரையும் ஒதுக்கி எழுத்தில் தர வேண்டும்.